முதுகு காட்டி வந்தவன்

சாமிதுரையின் பாட்டு யூடியூபில் வந்த அன்று சாயங்காலத்துக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உயிரோடு இருக்கிற அக்காளுக்குத் தம்பி கொள்ளி வைத்துவிட்டான் என்பதுதான் தீர்ப்பு. டீக்கடையில் ஒரு போன், ரேஷன் வரிசையில் ஒரு போன், நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரையில் ஒரு போன், ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்துத் தலை. பாட்டை முழுசாகக் கேட்டவர்கள் குறைவு. எல்லோரும் கடைசிக் காட்சிக்குத்தான் விரலால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்தக் காட்சி இதுதான். ஒரு வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி கேமரா. கதவு திறந்து கிடக்கிறது. வெளியே தெரு. தெருக்கோடியிலிருந்து ஒருவன் தோளில் புதுப்பானையைத் தாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்து அந்த வாசலுக்கு வருகிறான். அவசரமே இல்லாமல் வருகிறான். குதிகால் வாசற்படியைத் தொடும்போது திரை இருண்டு, டக்கென்று ஒரு சத்தம். பாட்டு முடிந்தது.

சுடுகாட்டுப் பக்கம் போன எவனுக்கும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி, முதுகு காட்டி நின்று பானையைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அதையே பையன் அக்காள் வீட்டு வாசலில் செய்து காட்டியிருக்கிறான், பானை உடைகிற சத்தத்தைக்கூட விட்டுவைக்கவில்லை என்றார்கள். ஊர் வாய் என்றைக்கு ஒரு காட்சியை முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறது?

கொள்ளி வைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த அக்காள் வேம்பு. ஒரத்தநாட்டில் ஜெகபர் அலியின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுவீடு வரைக்கும் மணிக்கணக்கில் எடுத்துத் தள்ளியதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவது அவள் வேலை. எத்தனை குடும்பத்துத் தாய்மாமன்களை அவள் மெதுவாக நடக்கவிட்டிருப்பாள்! தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பந்தலுக்குள் நுழைகிற இடத்தில் நாதஸ்வரத்தை ஏற்றுவாள். ஏற்றிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அந்த இடத்தை அவளால் உட்கார்ந்து பார்க்க முடியாது.

காரணம் இருக்கிறது. அவள் அப்பா இராஜாங்கம் ஒரு பண்ணையில் கூலிக்கு நின்றவர். உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தைப் பிரித்துக் கூலிக்காரர்களுக்குக் கொடுத்தபோது அவருக்கு மூணு மா கிடைத்தது. ஊர்க்கணக்கில் மூணு மா என்றால் ஒரு ஏக்கர். பட்டா கைக்கு வந்தாலும் நிலத்தில் இறங்க விடாமல் ஆள் வைத்து அடித்தார்கள். சங்கத்துக் கொடியைக் கட்டிக்கொண்டு இறங்கித்தான் முதல் நாற்றை நட்டார். அவர் போன பிறகு பட்டா வேம்பு பேரிலும் தம்பி சாமிதுரை பேரிலுமாக மாறியது. மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. வேம்புவே அதை மறந்துதான் போயிருந்தாள். புறவழிச்சாலைக்கு அளக்க வந்தவர்கள்தான் ஞாபகப்படுத்தினார்கள்.

சாலை சரியாக அந்த மூணு மாவுக்கு நடுவே போனது. சாமிதுரை இயந்திரத்துக்கு முன்னால் படுத்தான். அவனோடு இன்னும் இருபது பேர் படுத்தார்கள். வேம்புவின் புருஷன் ரெத்தினமோ ஆளுங்கட்சியில் கிளைச் செயலாளர், கரை வேட்டி கட்டாமல் வீட்டுக்குள்கூட நடமாட மாட்டார். சொந்த மச்சானையே அடக்க முடியாதவனுக்குக் கட்சியில் என்ன மரியாதை என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். சம்மதம் என்று எழுதிய இடத்தில் வேம்பு கையெழுத்துப் போட்டாள். வயிற்றில் அப்போது பிள்ளை இருந்தது. பங்காளியில் ஒருத்தி ஒப்புக்கொண்டதே போதும் என்று மறுநாளே இயந்திரம் இறங்கியது. சாமிதுரை மேல் வழக்கு, போலீஸ் தேடல், தலைமறைவு.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தைப்பொங்கலுக்கு அவன் அக்காளுக்குச் சீர் கொண்டுவந்தான். அதுதான் கொடுமை. வராமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அப்பாவும் அம்மாவும் போன வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள், போலீஸ் தேடுகிற ஆள், புதுப்பானையும் மஞ்சள் கொத்தும் கரும்புமாகப் பட்டப்பகலில் தெருவில் வருகிறான். வீட்டுக்குள் ரெத்தினத்தைப் பார்க்க வந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்த வேம்பு ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அவனைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயமா, கையெழுத்துப் போட்ட கையோடு அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கமா, இன்றுவரை அவளுக்கே தெரியாது. சாத்திய கதவில் சாய்ந்து நின்றாள். வெளியே அவன் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான் என்று தெருக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. சாத்தியது ரெத்தினம் என்றே தெரு நினைத்தது. அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

போனவன் போனவன்தான். வழக்கு ஆறிப்போன பிறகும் வரவில்லை. நம்பர் மாறியது. சென்னையில் இருக்கிறான், ஏதோ ராப் பாடுகிறான் என்று காற்றுவாக்கில் சேதி வரும். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரு குரல் இல்லாமல் பெண்பிள்ளை எப்படி இருப்பாள்? அவள் இருந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் கடையில் தானே போய்ப் பானை வாங்கினாள். சென்னை பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். தம்பி வேண்டும், தம்பி வேண்டும் என்று மனசு சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடித்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பங்குனியில் மகள் பிறந்தாள். அம்மா பேரையே வைத்தாள், பொன்னுத்தாய். பொன்னுவுக்கு முதல் மொட்டை போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், ஒன்றாம் வகுப்பும் முடித்துவிட்டாள். காது மட்டும் குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மடி வரட்டும் என்று வேம்பு வருஷா வருஷம் தள்ளிப்போட்டாள். மூளிக்காது என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். பிள்ளை தலைமுடியை இழுத்துக் காதை மறைத்துக்கொள்ளப் பழகியிருந்தது. மாமியார் வீட்டு ஜனம் முணுமுணுத்தது. ரெத்தினம் மட்டும் அவள் பாடு என்று விட்டுவைத்திருந்தார்.

வீடியோ வந்ததும் அவரும் பொறுமை இழந்தார். கொள்ளி வைத்தவன் மடிக்காகவா இன்னும் காத்திருப்பது என்று கேட்டார். வைகாசியில் அய்யனார் கோயிலில் காதுகுத்து, மடிக்குத் தன் அத்தை மகன் நாகநாதனை மாமன் முறையாக உட்கார வைப்பது என்று முடிவு செய்து, ஆசாரிக்கும் சொல்லிவிட்டார். வேம்பு எதிர்த்துப் பேசவில்லை. எந்த வாயால் பேசுவாள்? பாட்டின் மூன்றாவது பத்தியில் அவன் வெளிப்படையாகவே பாடியிருந்தானே:

கல்லு நட்டான் காலையில, நெல்லு செத்துச்சு மாலையில,
அக்கா போட்ட கையெழுத்துல அப்பன் வேர்வை சாலையில.

அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்களெல்லாம் இப்படி ஓர் அக்காள் எவனுக்கும் வாய்க்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். வேம்பு அதையும் படித்தாள். பஸ்ஸில் போகும்போது பார்த்தாள், அடுப்படியில் பார்த்தாள். திட்டு வரும் இடத்தைத் தாண்டி, தம்பியின் முகம் கிட்டத்தில் வருகிற இடத்தில் நிறுத்தி வைத்துக்கொள்வாள். தாடி விட்டிருந்தான். இளைத்திருந்தான். வயலுக்குப் போய்விட்டு வந்த அப்பா மாதிரியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று யாராவது சொன்னால் போதும் என்று இருந்தது அவளுக்கு. கடைசிக் காட்சியை மட்டும் ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு அது வருவதற்குள் போனை மூடிவிடுவாள்.

ஸ்டுடியோவில் அவள் வேலை தடுமாறியது. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும்போது மாமனார் கொட்டாவி விடுவதை வெட்டாமல் அனுப்பிவிட, அந்த வீட்டார் ஆளை அனுப்பிச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். ஜெகபர் அலி அதிராம்பட்டினத்துக்காரர். வாயில் எப்போதும் ஏலக்காய் மென்றுகொண்டு, ஊர் உலகத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் லைட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற மனுஷர். அவர் திட்டவில்லை. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தப் பாட்டை இறக்கிப் பெரிய திரையில் போடச் சொன்னார். வேண்டாம் பாய் என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்காவாப் பாக்காத. எடிட்டராப் பாரு. எவனோ எடுத்த கிளிப்பு, நீ வெட்டணும். அப்படிப் பாரு."

ஆரம்பம் ட்ரோன் ஷாட். நேர் மேலிருந்து, சம்பா வயல் பச்சையாக விரிந்து கிடக்க, நடுவில் கறுப்பாகச் சாலை. கேமரா இறங்கிக்கொண்டே வருகிறது, சாலை அகலமாகிக்கொண்டே போகிறது, கடைசியில் திரையில் பச்சையே இல்லை. பையன் ஒரு வார்த்தை பாடுவதற்கு முன்னாலேயே பாதிக் கதையைச் சொல்லிவிட்டான் என்றார் அலி. பிறகு லோ ஆங்கிள். கேமரா மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. அதிகாரிகளின் பூட்ஸ் மட்டும் பெரிசாக வருகிறது, முகங்கள் ஃப்ரேமுக்கு வெளியே. யாருடைய உயரத்திலிருந்து பார்க்கிறான் என்று கேட்டார். நெல்லோட உயரம் என்றாள் வேம்பு. சொன்ன பிறகுதான் தன் குரல் வேலைக் குரலாக மாறியிருப்பதைக் கவனித்தாள்.

அடுத்து சாமிதுரை புறவழிச்சாலையின் நடுத்திட்டில் நின்று பாடுகிறான். இரண்டு பக்கமும் லாரிகள் கோடு கோடாகப் பறக்கின்றன, அவன் மட்டும் அசையாமல் இருக்கிறான். பாட்டை மெதுவாக ஓடவிட்டு, மெதுவாக வாயசைத்து, பிறகு படத்தை வேகமாக்கினால் இப்படி வரும் என்று வேம்புவுக்குத் தெரியும். உலகம் ஓடுகிறது, அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கலரையும் பிரித்துக் காட்டினார் அலி. அப்பா இருந்த காலம் இளம்பச்சையும் மஞ்சளுமாக, சாலை வந்த பிறகு எல்லாம் சாம்பல். ஆனால் அவன் சட்டை மட்டும் எந்தக் காலத்திலும் ஒரே மஞ்சளில் இருந்தது.

கையெழுத்து ஷாட் வந்தது. வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள். அலி அதை நிறுத்தி வைத்தார். ஒரு பெண்ணின் கை, பேனா, காகிதம். கேமரா மணிக்கட்டிலிருந்து மேலே ஏறத் தொடங்குகிறது, முழங்கையோடு நின்றுவிடுகிறது.

"ஏன் மேல போவல?" என்று கேட்டார். "ஊரே திட்டணும்னா முகத்தைக் காட்டியிருப்பான். இங்க கேமராவ நிறுத்தினவன் அந்தப் பொம்பள மானத்தைக் காப்பாத்துறான்மா. பின்னாடி என்ன தெரியுது, அதையும் பாரு."

பின்னால் ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக ஒரு வேட்டிக்கரை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். இத்தனை தடவை பார்த்தும் வேம்புவின் கண்ணில் அது பட்டதில்லை. அவள் கையை மட்டும்தான் பார்த்திருந்தாள். எப்படி நின்று கையெழுத்துப் போட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். அந்த அறையில் அவன் இல்லவே இல்லையே!

கடைசிக் காட்சிக்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள். அலி விடவில்லை. கேமரா யாருடைய கண் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ என்றார். அவள் நின்றபடியே பார்த்தாள். வீட்டுக்குள், கதவுக்கு நேரே, ஒரு பெண்பிள்ளை நிற்கிற உயரம். அன்றைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் சாய்ந்து நின்ற அதே இடம். அன்று அந்த இடத்திலிருந்து மரப்பலகைதான் தெரிந்தது. இங்கே கதவு திறந்திருந்தது.

அவள் உட்கார்ந்தாள். ஓடவிட்டாள். நிறுத்தினாள். திரும்ப ஓடவிட்டாள். இப்போது கண் வேலைக்கண்ணாகிவிட்டிருந்தது. ஏதோ உறுத்தியது. தெருவில் மழை பார்த்து நாளான மண். அவன் பின்னால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் புழுதி கிளம்புகிறது. கிளம்புவது சரி, ஆனால் கால் வந்து பதிவதற்கு முன்னாலேயே கிளம்புகிறது. பரவியிருந்த புழுதி எல்லாப் பக்கமிருந்தும் கூடி வருகிறது, அதற்குள் கால் இறங்குகிறது, இறங்கியதும் தரை சுத்தமாக இருக்கிறது. ஓரத்தில் எங்கோ வைக்கோல் எரிகிற புகை வானத்திலிருந்து இறங்கித் தரைக்குள் போகிறது.

வேம்பு தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு முறை அவள் செய்கிற வேலை அது. மணமக்கள் தலையில் போட்ட பூவை ரிவர்ஸ் செய்து, பூவெல்லாம் பறந்து கைக்குத் திரும்புகிற மாதிரி காட்டினால்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குக் காசு கொடுத்த திருப்தி வரும். எத்தனை ஆயிரம் பூவைத் திருப்பியிருக்கிறாள்! தன் தம்பியின் காலடி திரும்பி வருவது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் நின்றால் எந்த எடிட்டருக்கும் எதுவும் தெரியாது.

கிளிப்பை வெட்டித் தனியாக வைத்து, ரிவர்ஸைத் தட்டினாள். படம் நேராக ஓடியது. வாசற்படியில் ஒருவன் முதுகு காட்டி நிற்கிறான். பானையைத் தோளில் சரிசெய்துகொள்கிறான். நடக்கிறான். நடந்து நடந்து தெருக்கோடிக்குப் போகிறான். அங்கே ஒரு கணம் நின்று, திருப்பத்தில் மறைந்துவிடுகிறான்.

அன்றைக்கு அவள் பார்க்காதது இதுதான். கதவு சாத்தியிருந்ததால் அவன் போனதை அவள் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெகபர் அலி ஏலக்காயை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

அவன் போனதைத்தான் எடுத்திருக்கிறான். எடுத்ததைத் திருப்பிப் போட்டு, போகாமல் திரும்பி வந்ததாக ஆக்கியிருக்கிறான். கொள்ளி வைக்கிறவன் எவனாவது போன தடத்தில் திரும்பி வருவானா?

ஆனாலும் அந்தச் சத்தம் மிச்சமிருந்தது. பானை உடைகிற சத்தம் என்று ஊர் சொன்னது. வேம்பு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்து அதையும் திருப்பினாள். கிர்ரென்று ஓர் இழுப்பு, அப்புறம் டக். இரும்புத் தாழ்ப்பாள் ஓடிப்போய்க் குழியில் விழுகிற சத்தம். வெளியிலிருந்து கேட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி. பாட்டில் அது திருப்பிப் போடப்பட்டிருந்தது. அப்படியென்றால் கதவுக்குள் யாரோ தாழ்ப்பாளைத் திறக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. தாழ்ப்பாள் இழுபடும் போதே இன்னொன்று கேட்டது, மிகவும் சின்னதாக. இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான் அவளுக்கு அது என்னவென்று புரிந்தது. கண்ணாடி வளையல்கள். ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய.

கார்த்திகையில் அவளுக்கு வளைகாப்புப் போட்டிருந்தார்கள். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது என்று இரண்டு கையிலும் முழங்கை வரை ஏற்றியிருந்தார்கள். நடந்தால் சத்தம், சோறு பிசைந்தால் சத்தம். அந்தப் பொங்கலன்று தாழ்ப்பாள் போட்ட கையில் அத்தனையும் இருந்தன. இத்தனை வருஷமாக ஊர் மாதிரியே அவனும் ரெத்தினத்தைத்தான் நினைத்திருப்பான் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் ராத்திரி தூங்கவே முடிந்தது. இல்லை. கதவைச் சாத்தியது அக்காள்தான் என்று அந்த நிமிஷமே வாசலில் நின்று கேட்டிருக்கிறான். தெரிந்துகொண்டுதான் பானையைத் தோளில் ஏற்றியிருக்கிறான். தெரிந்துகொண்டுதான், இத்தனை வருஷம் கழித்து, அதையும் திருப்பி வைத்திருக்கிறான்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி அலியிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கேட்டார். வளையலா என்றார். ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் ரெத்தினம் காதுகுத்துக்குப் பந்தல்காரனிடம் பேசிவிட்டு வந்திருந்தார். சாலை போட்ட மறுவருஷமே கட்சி அவரை மாற்றிவிட்டு வேறு ஆளைச் செயலாளராக்கிவிட்டது. கரை வேட்டி மட்டும் பழக்கத்துக்கு மிச்சமிருந்தது. வேம்பு அவரை உட்கார வைத்து, கிளிப்பை இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினாள். புழுதியைக் காட்டினாள், புகையைக் காட்டினாள். பிறகு சத்தத்தைப் போட்டாள். அவர் போனை வாங்கி, அந்தச் சத்தத்தைத் தானே இன்னொரு முறை போட்டுக் கேட்டார்.

"நீதான் தாழ்ப்பாப் போட்டேன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ரெத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெரு முழுக்கத் தன்னைச் சொன்னபோது அவர் வாயே திறக்காமல் இருந்ததை அவள் அன்றைக்குத்தான் நேருக்கு நேராக நினைத்துப் பார்த்தாள். பெண்டாட்டி தலையில் விழ வேண்டிய பழியைத் தன் தலையில் வாங்கி, அதைப் பற்றி ஒரு நாளும் சொல்லிக்காட்டாமல் குடித்தனம் செய்திருக்கிறார். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லத் தெரியவில்லை. அவரே எழுந்தார். நாகநாதனிடம் தானே போய்ச் சொல்லிக்கொள்வதாகவும், அவன் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பாட்டுக்குக் கீழே நிகழ்ச்சிகளுக்கு அழைக்க என்று ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். வேம்பு அடித்தாள். எடுத்தவன் எந்த ஊர்க் கல்லூரி, என்ன விழா என்று கேட்டான். ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம், விழா காதுகுத்து என்றாள். அதற்கெல்லாம் வருவதில்லையே என்று அவன் இழுத்தான். வேம்பு பேசுறேன்னு மட்டும் சொல்லுங்க என்றாள். அவன் யாரிடமோ அந்தப் பேரைச் சொல்வது கேட்டது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த தாளம் சட்டென்று நின்றது. போன் கை மாறியது.

"அக்கா" என்றான்.

அவள் பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். கையெழுத்தைப் பற்றி, கதவைப் பற்றி, ஒவ்வொரு வருஷமும் தானே வாங்கிய பானையைப் பற்றி, மன்னித்துவிடு என்பதை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்பது வரைக்கும். அக்கா என்ற அந்த ஒரு சொல்லில் அத்தனையும் கரைந்து போனது. நடுவிலிருந்து வந்த மாதிரி ஏதோ வந்தது.

"பொன்னுவுக்குக் காது குத்தணும், தொரை."

"பொண்ணா பொறந்துச்சு?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "அம்மா பேரா வெச்சே?"

"ஆமா."

"என்ன படிக்குது?"

"ஒண்ணாவது முடிச்சுட்டா."

"ஒண்ணாவது முடிச்ச புள்ளைக்கு இன்னுமா காது குத்தாம இருக்கே? ஏங்க்கா?"

கேட்டபோது அதில் பழைய அதட்டல்கூட வந்திருந்தது, தம்பிகளுக்கு அக்காள்களிடம் மட்டும் வருகிற அதட்டல். அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. வேம்பு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மடி இல்லையேப்பா" என்றாள்.

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எந்தத் தேதிக்கா?" என்று கேட்டான்.